சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தும் முன்: விஎம்சி மில்லிங் படிக்க வருகிறவர்களுக்கு

2004-இல் பிளஸ் டூ முடித்த கையோடு கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேர்ந்தேன். பம்ப் பாகங்களுக்குப் பிசிறு எடுக்கிற வேலை. கையில் அரம், மேஜையில் குவியல், எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு விஎம்சி மெஷின், அதாவது எழுதி வைத்த புரோகிராம்படி தானே உலோகத்தை வெட்டுகிற செங்குத்து மில்லிங் மெஷின். மெஷின் நிற்கிற நேரத்திலெல்லாம் நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் போய்விடுவேன். மெஷினைத் தயார் செய்து ஓட்டுகிற செட்டர் அண்ணா விரட்டவில்லை. ஒரு நாள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இப்ப டூல் எங்க போகும், சொல்லு கண்ணு."

"வலப்பக்கமா எம்பது போயி நிக்குங்கண்ணா."

"அப்புறம்?"

"தெரியலீங்க."

"தெரியலைன்னா பட்டனைத் தொடக்கூடாது. போயி யோசிச்சுட்டு வா."

எட்டு மாதம் இப்படியே போனது. நான் சொல்வேன், அவர் அழுத்துவார். சொன்னது போலவே டூல் போனால் அடுத்த வரி. ஒன்பதாவது மாதம் சைக்கிள் ஸ்டார்ட் என்கிற அந்தப் பச்சைப் பட்டனில் என் விரலை வைக்கச் சொன்னார். இன்று நான் புரோகிராமும் செட்டிங்கும் சேர்த்துப் பார்க்கிறேன், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். அவரிடம் கற்ற முறையைத்தான் அப்படியே தருகிறேன். மெஷினுக்கான கட்டளைகளான ஜி கோடு முழுக்க மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும் டூல் எங்கே போகும் என்று கேட்டால் கை நடுங்குகிறது. ஆகவே கோடு பட்டியலிலிருந்து நான் தொடங்கப் போவதில்லை.

முதல் மாதம்: அளக்கவும் தொடவும்

மெஷினுக்கு முன்னால் வெர்னியர். 0.02 மில்லிமீட்டர் படிக்கிற சாதாரண வெர்னியரை எடுத்துக்கொள்ளுங்கள், டிஜிட்டல் பிறகு வரட்டும். கோடு கோடாகப் பார்த்துப் படிக்கப் பழகிய கண்ணுக்கு 0.1 என்றால் எவ்வளவு என்று ஒரு உணர்வு வந்துவிடும். அப்புறம் மைக்ரோமீட்டர். ஒரே துண்டைப் பத்து முறை அளந்து பத்து முறையும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் கை அழுத்தம் சீராக இல்லை. ராட்செட்டைத் திருகிப் பழகுங்கள்.

அதோடு டிராயிங் படிப்பது. எந்த மூலையிலிருந்து அளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். டிராயிங் போட்டவர் இடது கீழ் மூலையிலிருந்து அளவு கொடுத்திருந்தால் உங்கள் பூஜ்யமும் அங்கேதான் இருக்க வேண்டும். நடுவிலிருந்து கொடுத்திருந்தால் நடுவில். வேறு இடத்தில் வைத்தால் ஒவ்வொரு அளவையும் கூட்டிக் கழிக்க வேண்டி வரும், ஒரு கழித்தல் தவறினால் ஜாப், அதாவது வெட்டுகிற துண்டு, ஸ்கிராப்.

உடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டூலைப் பிடித்துச் சுழலும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை கூடாது, அது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முடியைப் பின்னி உள்ளே சொருகுங்கள். துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிட்டு ஓவர்கோட் போடுங்கள். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் வெளியே. வெட்டி விழும் உலோகச் சுருளைக் கையால் எடுக்காதீர்கள், பிரஷ் இருக்கிறது. ஏர் கன் அடிக்கும்போது கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். இதில் எதையும் நான் பேரம் பேச விடுவதில்லை.

ஒரே ஒரு பிளேட்டை வைத்து எல்லாம்

என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் கொடுக்கிற முதல் ஜாப் இதுதான். 100க்கு 60, 20 மில்லிமீட்டர் தடிமன், எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட். நான்கு மூலையிலும் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி எம்8 டேப் போட நான்கு துளை. எம்8 மரையின் பிட்ச் 1.25, அதனால் டிரில் 6.8. பூஜ்யம் இடது கீழ் மூலை, பிளேட்டின் மேல் முகம்.

ஒரு கிராஃப் தாளில் பிளேட்டை வரையுங்கள். துளைகளின் இடத்தை எழுதுங்கள்: 10, 10. அப்புறம் 90, 10. அப்புறம் 90, 50. கடைசியாக 10, 50. பென்சில் முனையை பூஜ்யத்தில் வைத்து ஒவ்வொரு துளைக்கும் நகர்த்திக்கொண்டே வாயால் சொல்லுங்கள். சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லும்போது பாதியை விட்டுவிட்டுப் போகிறோம், நாக்கு அப்படி விடாது. புரோகிராம் என்பது இந்தப் பென்சில் நடந்த நடையை எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

வேகக் கணக்கு: ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரிலுக்கு எம்எஸ்ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் வைப்போம். அதை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் டிரில் விட்டத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 6.8 டிரிலுக்குச் சுமார் 1170 வரும். ஒரு சுற்றுக்கு 0.12 மில்லிமீட்டர் இறங்கட்டும் என்றால் ஃபீடு, அதாவது டூல் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 140. பக்கவாட்டில் வெட்டுகிற எண்ட் மில்லுக்கும் இதே கணக்குதான், ஆனால் ஃபீடில் பல்லின் எண்ணிக்கையும் சேரும்: 10 மில்லிமீட்டர் கார்பைட் கட்டர், நான்கு பல், வேகம் 100 மீட்டர் என்றால் ஆர்பிஎம் சுமார் 3180, பல்லுக்கு 0.05 என்றால் ஃபீடு சுமார் 636. இதைக் கால்குலேட்டரில் தினமும் ஐந்து தடவை போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் அளவைப் பார்த்ததுமே எண் மனதில் வரும். கட்டர் கம்பெனிகளின் கேட்டலாக்கில் ஒவ்வொரு உலோகத்துக்கும் வேகம் போட்டிருப்பார்கள். அதில் கீழ் எல்லையிலிருந்து தொடங்கி, சத்தம் கேட்டு ஏற்றுங்கள்.

ஆழம் எவ்வளவு? பிளேட் 20 என்பதால் 20 என்று எழுதினால் துளை முழுதாக வெளியேறாது, டிரில்லின் முனை கூம்பாக இருக்கிறது. சாதாரண 118 டிகிரி முனைக்கு விட்டத்தில் 0.3 பங்கு கூம்பின் நீளம். 6.8-க்கு அது 2 மில்லிமீட்டர் சொச்சம். ஆகவே 23.

புரோகிராம் இதோ. மெஷினில் ஆங்கில எழுத்தில் அடிப்பீர்கள், இங்கே நாம் வாயால் சொல்கிறபடி எழுதுகிறேன். எக்ஸ் இட வலம், ஒய் முன் பின், இசட் மேல் கீழ். துளை போட வேண்டிய இடத்தில் சென்டர் டிரில் முதலிலேயே குத்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி21 ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90
டி02 எம்06
ஜி54 ஜி00 எக்ஸ்10. ஒய்10.
எஸ்1170 எம்03
ஜி43 எச்02 இசட்50. எம்08
ஜி99 ஜி83 இசட்-23. ஆர்3. க்யூ3. எஃப்140.
எக்ஸ்90.
ஒய்50.
எக்ஸ்10.
ஜி80 எம்09
ஜி00 இசட்100. எம்05
ஜி91 ஜி28 இசட்0.
எம்30

இதை ஒருவர் கதை சொல்கிற மாதிரி படிக்க வேண்டும். முதல் வரி பழைய ஷிப்ட்காரர் விட்டுப்போன எதுவும் மிச்சம் இல்லாமல் துடைப்பது: மில்லிமீட்டர், எக்ஸ்-ஒய் தளம், கட்டர் ஆஃப்செட் இல்லை, நீள ஆஃப்செட் இல்லை, டிரில்லிங் சைக்கிள் இல்லை, எல்லா அளவும் பூஜ்யத்திலிருந்து. இரண்டாவது வரி இரண்டாம் நம்பர் டூலை மாட்டு. மூன்றாவது, ஜி54-இல் நான் சொல்லி வைத்த மூலையைப் பூஜ்யமாக வைத்து முதல் துளைக்கு மேலே போ. அடுத்து ஸ்பிண்டிலைச் சுற்று. அடுத்த வரிதான் மொத்தப் புரோகிராமின் உயிர்: இரண்டாம் டூலின் நீளத்தைக் கணக்கில் எடுத்து, ஜாபுக்கு 50 மேலே நில், கூலன்ட் திற. பிறகு ஜி83, ஜாபுக்கு 3 மேலே (ஆர்3.) வந்து, மூன்று மூன்று மில்லிமீட்டராகக் கொத்தி, சுருளை வெளியே கொண்டுவந்து, மறுபடி இறங்கி, 23 வரை. அடுத்த மூன்று வரியிலும் இடம் மட்டும் மாறுகிறது, சைக்கிள் நினைவில் நிற்கிறது. ஜி80 அதை நிறுத்தும்.

புள்ளியைப் பாருங்கள். எக்ஸ்10-க்குப் பிறகு ஒரு புள்ளி. மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டரைத்தான் கன்ட்ரோல் என்கிறோம், ஃபனுக் அதில் ஒரு கம்பெனி. பல ஃபனுக் கன்ட்ரோலில் அந்தப் புள்ளியை விட்டு எக்ஸ்10 என்று அடித்தால் மெஷின் அதை 10 மைக்ரானாக, அதாவது 0.010 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். பத்து மில்லிமீட்டர் போக வேண்டிய டூல் நகராதது போலவே நிற்கும். இசட்டில் ஆழத்துக்குப் புள்ளி விட்டால் தப்பித்தீர்கள், துளை விழாது. மேலே தூக்குகிற வரியில் விட்டால்தான் ஆபத்து: 50 மேலே நிற்க வேண்டிய டூல் ஜாபின் தலையை ஒட்டியே வந்து நிற்கும். புரோகிராம் எழுதி முடித்ததும் ஒவ்வொரு அளவு எண்ணுக்குப் பின்னாலும் பென்சிலால் ஒரு டிக் போட்டு, புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்றும் போடுகிறேன்.

மைனஸும் அப்படியே. இசட்-23. என்பதில் அந்தச் சிறு கோடு இல்லாவிட்டால் டூல் மேலே போகும். அதிலாவது சேதமில்லை. ஆனால் தூக்குகிற இடத்தில் ஒரு கோடு கூடிவிட்டால் டூல் 50 மில்லிமீட்டர் இரும்புக்குள் ரேபிட்டில், அதாவது மெஷினின் முழு வேகத்தில், போகப் பார்க்கும்.

ரேபிட்டுக்கான கட்டளை ஜி00 பற்றி ஒரு விஷயம். அது நேர்கோட்டில் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல மெஷின்களில் அப்படி இல்லை. எக்ஸும் ஒய்யும் தத்தம் முழு வேகத்தில் ஓடும், தூரம் குறைவான ஆக்சிஸ் முதலில் நின்றுவிடும், மற்றது தனியாகப் போகும். கோடு வளைகிறது. நேராகப் போனால் படாத கிளாம்ப் இந்த வளைவில் பட்டுவிடும். ஆகவே கிளாம்ப் போட்ட ஜாபில் முதலில் இசட்டை உயரத்துக்குத் தூக்கு, அப்புறம் எக்ஸ் ஒய் நகர்த்து. துளைக்கும் துளைக்கும் நடுவில் கிளாம்ப் இருந்தால் ஜி99-ஐ ஜி98 ஆக்குங்கள், ஒவ்வொரு துளை முடிந்ததும் டூல் ஆரம்ப உயரத்துக்கே திரும்பிவிடும்.

வைஸில் பிடிப்பது

புரோகிராமை எழுதக் கற்க ஒரு மாதம் போதும். ஜாபைப் பிடிக்கக் கற்க வருடங்கள் ஆகும். அதனால் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஜாபை இறுக்கிப் பிடிக்கிற வைஸை டேபிளில் வைத்ததும் அசையாத தாடையில் டயல் கேஜின் முனையைத் தொடவைத்து, எக்ஸ் ஆக்சிஸை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்துங்கள். முள் 0.01, 0.02-க்கு மேல் அசையக்கூடாது. அசைந்தால் ஒரு போல்ட்டை லேசாக இறுக்கி வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை நைலான் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவாருங்கள். பொறுமையாகச் செய்தால் பத்து நிமிடம். அவசரப்பட்டால் அரை நாள்.

பிறகு பேரலல், ஜாபை அடியில் தாங்குகிற ஒரே உயரப் பட்டைகள். நம் பிளேட்டில் இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதனால்தான் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். 60 அகலம் தாடைகளுக்கு நடுவே வரும். தாடையை ஒட்டி இரண்டு பேரலல் பிளேட்டைத் தாங்கி நிற்கும். துளையின் மையம் ஓரத்திலிருந்து 10, ஆரம் 3.4, ஆகவே துளை 6.6-இல் தொடங்குகிறது. 8 மில்லிமீட்டர் தடிமன் பேரலல் போட்டால் டிரில் பிளேட்டைத் தாண்டியதும் பேரலலின் ஓரத்தில் பாதி முனையோடு இறங்கும். டிரில் உடையும், தேய்த்துத் தீட்டிய பேரலலும் போகும். 5 மில்லிமீட்டர் பேரலல் போட்டால் 1.6 இடைவெளி கிடைக்கும். இது டிராயிங்கில் இருக்காது, புரோகிராமிலும் இருக்காது, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷனிலும் பெரும்பாலும் தெரியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பேரலலையும் பிளேட்டின் அடியையும் பனியன் வேஸ்டால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவை தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிச் சுருள் கையில் குத்தும். வைஸை இறுக்கி, பிளேட்டை நைலான் சுத்தியலால் தட்டிவிட்டு, இரண்டு பேரலலையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் அசையக்கூடாது. ஒன்று அசைந்தால் பிளேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பூஜ்யம் எடுப்பது

ஜாபின் ஓரத்தைக் கண்டுபிடிக்கிற எட்ஜ் ஃபைண்டர் முனை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம். 500, 600 ஆர்பிஎம்மில் சுற்றவிட்டால் முனை தள்ளாடும். இடது ஓரத்தை நோக்கி ஹேண்ட்வீலில் மெல்ல வாருங்கள். பக்கத்தில் வர வர தள்ளாட்டம் குறைந்து, ஒரு கணம் தண்டும் முனையும் ஒரே கம்பி போல நேராகிவிடும். இன்னும் 0.01 திருப்பினால் முனை சட்டென்று ஒரு பக்கமாக விலகும். அந்த விலகல்தான் அடையாளம். பின்னால் போய், மறுபடி வந்து, இரண்டாவது தடவையும் அதே இடத்தில் விலகுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஸ்பிண்டில் மையம் ஓரத்துக்கு 5 மில்லிமீட்டர் இடப்பக்கம் நிற்கிறது. ஜி54 பக்கத்தில் எக்ஸ்-5. என்று அடித்து மெஷர் அழுத்தினால், "நான் இப்போது பூஜ்யத்திலிருந்து மைனஸ் ஐந்தில் நிற்கிறேன்" என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டீர்கள். ஒய்க்கும் முன் ஓரத்தில் அதே போல. இந்த மைனஸைக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்பிண்டில் இப்போது பூஜ்யத்துக்கு எந்தப் பக்கம்? வாயால் சொல்லுங்கள், பிறகு அடியுங்கள்.

டூல் நீளத்துக்குப் பல வழி உண்டு. நான் கற்றது 10 மில்லிமீட்டர் டவல் பின் (அளவு துல்லியமான உருளைத் துண்டு) வைத்து எடுப்பது. ஜி54-இன் இசட்டில் பூஜ்யம் இருக்கட்டும். டூலை ஜாபின் மேல் முகத்துக்கு 10-க்கும் குறைவான இடைவெளியில் கொண்டுவாருங்கள், பின் நுழையாது. இப்போது ஹேண்ட்வீலை 0.01-இல் வைத்து மேலே மேலே தூக்கிக்கொண்டே பின்னை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பின் டூலுக்கு அடியில் லேசாக உரசிக்கொண்டு உருண்டு போகும். அங்கே நிறுத்துங்கள். பின் அடியில் இருக்கும்போது டூலை ஒருபோதும் கீழே இறக்காதீர்கள், கார்பைட் முனை நொறுங்கிவிடும். அதனால்தான் கீழிருந்து மேலே போகிறோம். மெஷின் கோஆர்டினேட்டில் இசட் -402.350 காட்டினால், பின்னின் 10-ஐயும் சேர்த்து எச்02-இல் -412.350. கையால் அடித்த எண்ணைப் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டம்

ஃபனுக்கில் ஒர்க் ஆஃப்செட் பக்கத்தில் ஜி54-க்கு முன்னால் இஎக்ஸ்டி என்று ஒன்று இருக்கும். அதன் இசட்டில் 50. போட்டால் மொத்தப் புரோகிராமும் 50 உயரத்தில், காற்றிலேயே ஓடும். நம் டிரில் 23 இறங்கினாலும் ஜாபுக்கு 27 மேலேயே நிற்கும். கூலன்ட்டை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நான்கு மூலைக்கும் போகிறதா, வரிசை சரியா என்று தெரிந்துவிடும். முடிந்ததும் இஎக்ஸ்டியைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

அப்புறம் நிஜ ஓட்டம். சிங்கிள் பிளாக் ஆன், ஒரு அழுத்தலுக்கு ஒரு வரிதான் ஓடும். ரேபிட்டைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். ஒரு கை நகர்வை நிறுத்துகிற ஃபீட் ஹோல்டில். திரையில் டிஸ்டன்ஸ் டு கோ தெரிகிற பக்கம். டூல் இன்னும் எவ்வளவு தூரம் போகப் போகிறது என்று அது காட்டும். ஜி43 வரி ஓடும்போது பாதியில் ஃபீட் ஹோல்ட் அழுத்தி நிறுத்துங்கள். இன்னும் 80 போக வேண்டும் என்று திரை காட்டுகிறது, போய் நிற்க வேண்டிய இடம் ஜாபுக்கு 50 மேலே. அப்படியானால் இப்போது டூல் முனைக்கும் ஜாபுக்கும் நடுவே 130 இருக்க வேண்டும். கதவு வழியே பாருங்கள். பதின்மூன்று சென்டிமீட்டர் இல்லை, ஆறேழு சென்டிமீட்டர்தான் தெரிகிறது என்றால் ஆஃப்செட் தவறு. ரீசெட் அழுத்துங்கள். சரியாகத் தெரிந்தால் தொடருங்கள். 50-இல் வந்து நின்றதும் ஸ்பிண்டிலை நிறுத்தி, ஸ்டீல் ஸ்கேலை ஜாபின் மேல் நிறுத்திப் பாருங்கள். 50 காட்ட வேண்டும்.

இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இந்த இரண்டு நிமிடத்தை நான் ஒரு நாள் விட்டேன். மூன்றாவது வருடம், வேறொரு பட்டறை. இதே மாதிரித் துளை போடுகிற ஜாப், ஐம்பது துண்டு நல்லபடியாக ஓடியிருந்தது. டிரில் மழுங்கியதால் புது டிரில் மாட்டினேன். டூலைக் கவ்விப் பிடிக்கிற கோலெட்டிலிருந்து பழையதைவிட 18 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புரோகிராம் அதேதான், பூஜ்யம் அதேதான், ஐம்பது துண்டு ஓடியதுதான் என்று சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினேன். எச் எண் பழைய டிரில்லின் நீளத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. ஜாபுக்கு 3 மேலே நிற்க வேண்டிய முனை 15 உள்ளே, ரேபிட்டில். டிரில் உடைந்த சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்த அமைதிதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் டயல் வைத்துப் பார்த்தபோது முள் 0.03 ஆடியது. முன்பு அது அசைந்ததே இல்லை. ஸ்பிண்டில் பேரிங் மாற்றும் வரை அந்த மெஷினில் ஒரு வாரம் வேலை இல்லை, அதில் வேலை செய்த இன்னொருவருக்கும் இல்லை.

அன்றிலிருந்து டூலைத் தொட்டால் நீளம் புதிதாக எடுக்காமல் கதவை மூடுவதில்லை. கோலெட் நட்டைக் கழற்றினாலே டூல் புதுசு என்றுதான் கணக்கு.

அளவு கொண்டுவருவது

துளைக்கு அளவு டிரில்லே தந்துவிடும். பாக்கெட் (உள்ளே குடைகிற குழி), வெளிச்சுற்று என்று வந்தால் கட்டர் ஆஃப்செட் வேண்டும். ஜி41 என்றால் டூல் போகிற திசையைப் பார்த்து நின்றால் கட்டர் கோட்டுக்கு இடப்பக்கம், ஜி42 என்றால் வலப்பக்கம். ஸ்பிண்டில் எம்03-இல் சுற்றும்போது ஜி41-இல் போனால் கிளைம்ப் மில்லிங், அதாவது பல் வெட்டுகிற திசையிலேயே ஜாப் நகர்வது, பால்ஸ்க்ரூ உள்ள இந்த மெஷின்களில் ஃபினிஷ் நன்றாக வரும்.

40 அகலத்தில் ஒரு பாக்கெட், அளந்தால் 39.92 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.08 குறைவு, இரண்டு சுவருக்கும் சேர்த்து. ஆகவே ஒரு சுவருக்கு 0.04. கட்டர் ஆஃப்செட்டுக்கான டி (D) எண்ணின் வேர் (wear, தேய்மானம்) பக்கத்தில், ஆரமாக வைக்கிற மெஷினில், மைனஸ் 0.04 போட்டு ஃபினிஷ் ஓட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். கட்டர் சிறியது என்று மெஷின் நம்பும், சுவருக்கு இன்னும் நெருங்கிப் போகும். புரோகிராமைத் தொடவே வேண்டாம். புதியவர்கள் இங்கே பாதியாக்க மறந்து முழு 0.08-ஐப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே முதல் துண்டுக்கு வேரில் வேண்டுமென்றே 0.1 பிளஸ் வைத்து ஓட்டுங்கள். மிச்சம் இருக்கிற உலோகத்தை எடுத்துவிடலாம், போன உலோகம் திரும்பாது.

டேப்புக்கு ஃபீடு தனிக் கணக்கு: ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்க வேண்டும். எம்8-க்கு 400 ஆர்பிஎம் என்றால் 400 பெருக்கல் 1.25, ஃபீடு 500. ஆர்பிஎம்மை மாற்றிவிட்டு ஃபீடை அப்படியே விட்டால் டேப் துளைக்குள்ளேயே உடையும், அதை எடுக்கிற வேலை துளை போடுவதைவிடப் பெரிய வேலை.

கேம் எப்போது, எங்கே படிப்பது

கையால் எழுதி ஒரு மூன்று மாதம் போகட்டும். அப்புறம் ஃப்யூஷன் போன்ற கேம் (CAM) மென்பொருளுக்குப் போங்கள், வரைந்த வடிவத்திலிருந்து அது புரோகிராமை எழுதித் தரும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அதில் கட்டுப்பாடுகளோடு இலவச உரிமம் இருக்கிறது. ஃப்ரீகேட் முழுக்க இலவசம். வளைந்த பரப்புகளைக் கையால் எழுத முடியாது, அங்கே கேம்தான் வழி. ஆனால் கேம் துப்புகிற ஆயிரம் வரிகளில் முதல் இருபது வரியையும் டூல் மாறுகிற ஒவ்வொரு இடத்தையும் நீங்கள் படித்தே ஆக வேண்டும். உங்கள் கன்ட்ரோலின் எழுத்து முறைக்குப் புரோகிராமை மாற்றித் தருகிற சரியான போஸ்ட் பிராசசரைத் தேர்ந்தெடுத்தீர்களா என்பது அங்கேதான் தெரியும். ஃபனுக்கில் ஜி43 எச் என்று எழுதுவதை சீமென்ஸில் டி (D) எண்ணே பார்த்துக்கொள்ளும், ஹைடன்ஹைனில் எழுத்து முறையே வேறு. ஒன்றை ஆழமாகக் கற்றவர்களுக்கு மற்றவை இரண்டு வாரம்.

வீட்டில் மெஷின் இல்லை என்று யாரும் நிற்க வேண்டாம். என்சி வியூவர் உலாவியிலேயே திறக்கும், மேலே உள்ள புரோகிராமை அதில் அடித்தால் டூல் போகிற கோடு தெரியும். கேமோட்டிக்ஸ் உலோகம் வெட்டப்படுவதையே படமாகக் காட்டும், அதுவும் இலவசம். முறையாகப் படிக்க ஐடிஐயில் மெஷினிஸ்ட் பிரிவு இரண்டு வருடம். கோவைப் பக்கம் இருப்பவர்கள் கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது கட்டாயம் போங்கள். ஓடுகிற மெஷின் முன்னால் நின்று, அடுத்து டூல் எங்கே போகும் என்று மனதில் சொல்லிப் பாருங்கள். அங்கே நிற்கிற ஆட்களிடம் கேள்வி கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள்.

புரோகிராமின் தலையிலும் முடிவிலும் ஒரு சதவீதக் குறி இருக்கும், அது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எண்களால் ஓடுகிற மில்லிங் மெஷினை முதன்முதலாகக் காட்டியபோது கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. பிறகு வந்த மெஷின்களிலும் நாடாதான். நாடாவைச் சுற்றும்போது எங்கே நிற்பது என்று சொல்ல அந்தக் குறி. நாடா போய்விட்டது, குறி இருக்கிறது. ஃபனுக் கன்ட்ரோலின் நினைவகத்தை இன்றும் மீட்டர் கணக்கில் சொல்வதும் அந்த நாடாவின் நீளம்தான்.

ஷிப்ட் முடியும்போது

டூலை ஸ்பிண்டிலில் விட்டுப் போகாதீர்கள். டேபிளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். சுருளைத் தள்ளி, வைஸைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். காலையில் வந்து ஸ்பிண்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏற்றிச் சூடாக்குங்கள். ஸ்பிண்டில் சூடேறும்போது கொஞ்சம் நீளும், அந்த நீட்சி நின்ற பிறகு எடுத்த இசட்தான் நாள் முழுக்க நிற்கும்.

மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும், கூடவே கயிறு கட்டிய பேனா. அடுத்து வருகிறவர் பட்டனை அழுத்துமுன் படிக்க வேண்டியதை மட்டும் அதில் எழுதுங்கள். நேற்று என்னிடம் படிக்கிற பெண் எழுதியிருந்தது: "டி02 டிரில் மாத்தியாச்சு. எச்02 புதுசா எடுத்தாச்சு, -398.120. இஎக்ஸ்டி இசட் பூஜ்யம். ஜி54 மாத்தலை. 37-வது துண்டு அளந்தாச்சு, சரி."

இரவு ஷிப்ட் தம்பி அதன் கீழே டிக் போட்டுவிட்டு, எச்02-ஐத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினான்.